பொய்க்கு ஓர் எல்லை

இந்தப் பக்கங்களில் பௌதிகம் பற்றி எழுதப் புகுந்தால் முதலில் காரணம் சொல்லியாக வேண்டும். நான் படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம். பார்ப்பது ஒசூரில் ஒரு வங்கியில் குமாஸ்தா வேலை. கணிதம் எனக்கு வட்டி போடும் அளவுக்குத்தான் தெரியும். இருந்தும், கடந்த இரண்டு வருஷங்களாக என் விமர்சன யோசனைகளை அதிகமாகத் தொந்தரவு செய்துவருவது அணுக்களையும் திடப்பொருள்களையும் கணக்கிடுகிறவர்கள் கையாளும் ஒரு தந்திரம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸூடோபொடென்ஷியல். தமிழில் போலி நிலையாற்றல் என்று சொல்லலாம். தன்னுடைய பெயரிலேயே தன்னைப் போலி என்று அறிவித்துக்கொள்ளும் ஒரு கருவி இது. விமர்சனத்தில் நாம் கையாளும் கருவிகளும் பெரும்பாலும் போலிகள்தாம். ஒரு கவிஞரைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவன் அவரில் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறான். விட்டது எவ்வளவு, எந்த இடம்வரை விடலாம், விட்டபிறகும் எது சரியாக வந்தாக வேண்டும் என்ற கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வதில்லை. பௌதிகக்காரர்கள் தொண்ணூறு வருஷங்களாக இந்தக் கேள்விகளைத்தான் கேட்டுவருகிறார்கள்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். பெங்களூர் வாடகை கட்டுப்படியாகாமல் ஒசூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஜூஜுவாடியும் அத்திப்பள்ளியும் தாண்டிப் போய் வருகிறவர். உதவித்தொகை வரவு பார்க்க எங்கள் கிளைக்கு வந்தவர், நான் மேஜையின் கீழ் வைத்துப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையில் சந்தித்துக்கொண்டோம். ஒருநாள் பணம் கட்டும் சலான் ஒன்றின் பின்புறத்தில் வட்டங்கள் போட்டுக் காட்டினார்.

“சார், உங்க வாட்ச்சுக்குள்ள இருக்கிற சில்லு சிலிக்கன். ஒரு சிலிக்கன் அணுவில் பதினாலு எலெக்ட்ரான். அதுல பத்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும். தனி அணுவா இருந்தாலும், பக்கத்து அணுவோட சேர்ந்தாலும், படிகமா ஆனாலும் அந்தப் பத்தும் அசையாது. வெளியில இருக்கிற நாலுதான் எல்லா வியாபாரமும் பண்ணும். அப்ப அந்தப் பத்தை எதுக்குத் தினம் தினம் கணக்குப் போடணும்?”

எங்கள் தொழிலில் இது புதிதில்லை. லெட்ஜரில் ஒரு பக்கம் நிறைந்ததும் அதன் மொத்த வரலாறும் ஒரே எண்ணாகி அடுத்த பக்கத்தின் தலையில் ஏறிவிடும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருக்கலாம், ஒரு சாவு இருக்கலாம். அடுத்த பக்கத்துக்கு அது அவசியமில்லை. ஆனால் லெட்ஜரில் உள்ளது சுருக்கம் மட்டுமே. மாணவர் சொன்னதில் ஒரு படி கூடுதலாக, ஒரு புனைவு இருந்தது.

உட்கருவின் இழுப்பு மிக வலியது. அதை நெருங்க நெருங்க அந்த இழுப்பு எல்லை மீறிப் போகிறது. ஆனால் அங்கே உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கின்றன. பவுலியின் விதிப்படி வெளிவட்ட எலெக்ட்ரான் அவற்றின் நிலைகளில் போய் உட்கார முடியாது. அதனால் உட்கருவின் பக்கம் வரும்போது அதன் அலை மேலும் கீழுமாகத் துடிக்கிறது. துடிப்பு என்றால் இயக்க ஆற்றல். இழுப்பால் இறங்குகிற ஆற்றலும் துடிப்பால் ஏறுகிற ஆற்றலும் ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துக்கொண்டுவிடுகின்றன. மிஞ்சுவது ஒரு பலவீனமான இழுப்பு. ஆகவே, உள்ளே நடக்கும் அத்தனை அமளியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாதுவான ஒரு கற்பித விசையை வைத்துவிடலாம். அணுவின் மையத்திலிருந்து ஓர் ஆரம் குறித்துக்கொள்கிறார்கள். ஆரத்துக்கு வெளியே போலி அலையும் அசல் அலையும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆரத்துக்கு உள்ளே போலி அலை துடிப்பில்லாமல் வழவழவென்று போகும். உள்ளே அது பொய். பொய் என்று தெரிந்தே வைக்கப்பட்ட பொய்.

இதற்கு முன்னால் ஒரு புதிர் இருந்தது. சோடியம், அலுமினியம் போன்ற உலோகங்களில் எலெக்ட்ரான்கள் வெட்டவெளியில் திரிவதைப்போல் நடந்துகொள்கின்றன. அவ்வளவு வலிய உட்கருக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அவற்றுக்கு ஏன் ஒன்றும் தட்டுப்படுவதில்லை? 1940-ல் கோனியர்ஸ் ஹெர்ரிங் ஒரு கணக்கு முறையைத் தந்தார். 1959-ல் ஜேம்ஸ் ஃபிலிப்ஸும் லெனார்ட் க்ளைன்மனும் அந்த முறைக்குள் ஒளிந்திருந்த பொருளை வெளியே எடுத்தார்கள்: இழுப்பும் துடிப்பும் கழிந்துபோவதால்தான் எலெக்ட்ரானுக்கு அந்த விசை தெரியவில்லை. போலியை வைத்துப் பார்த்தபோதுதான் அசலின் ஓர் உண்மை புரிந்தது. இலக்கியத்தில் இதை நாம் உருவகம் என்ற பெயரில் அறிவோம். ஆனால் இவ்வளவு கறாராக அறியமாட்டோம்.

இந்த யோசனையின் பிறப்பு இன்னும் முந்தியது. 1934-ல் ரோமில் என்ரிகோ ஃபெர்மி, கார உலோக அணுக்களின் நிறமாலைக் கோடுகள் வேறொரு வாயுவின் நடுவே இடம்பெயர்வதை விளக்குவதற்காக இதன் முதல் வடிவத்தைக் கையாண்டார். அந்தச் சோதனைகளைச் செய்தவர்கள் அவருடைய சகாக்களான அமால்டியும் ஸெக்ரேயும். 1935-ல் மாஸ்கோவில் ஹான்ஸ் ஹெல்மன் என்ற ஜெர்மானியர், உள்வட்ட எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அவற்றுக்குப் பதில் ஒரு கூடுதல் விசையைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தார்.

ஹெல்மன் ஏன் மாஸ்கோவில் இருந்தார் என்று கேட்டேன். மாணவருக்குத் தெரியவில்லை. நானே தேடிப் படித்தேன். ஹானோவரில் ஆசிரியராக இருந்தவர். மனைவி யூதர் என்பதால் நாஜிகள் வந்த 1933-ம் வருஷமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1934-ல் சோவியத் நாட்டுக்குப் போய், கார்போவ் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். 1937-ல் க்வாண்டம் ரசாயனத்தைப் பற்றிய முதல் பாடப்புத்தகங்களில் ஒன்றை ரஷ்ய மொழியிலும் ஜெர்மனிலும் வெளியிட்டார். 1938 மார்ச்சில் கைது. மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்துநாலு. ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் ஜெர்மானியர் என்பதே ஒற்றன் என்ற குற்றச்சாட்டுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு நாட்டில் மனைவியின் பிறப்பு, இன்னொரு நாட்டில் தன்னுடைய பிறப்பு. உள்ளே இருப்பதை உறையவைத்துவிடலாம், வெளியே நடப்பதற்கு அது போதும் என்று அணுவுக்குச் சொன்னவர், இரண்டு அரசாங்கங்களிடமும் தனக்காக அந்தச் சலுகையைப் பெற முடியவில்லை. ஃபெர்மியின் மனைவியும் யூதர்தான். இத்தாலியிலும் இனச்சட்டங்கள் வந்த அதே 1938-ன் கடைசியில், நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போன ஃபெர்மி குடும்பத்துடன் அப்படியே அமெரிக்கா போய்விட்டார்.

இந்தக் கதையை வைத்து உருக்கமாக எதுவும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று படுகிறது. ஒரு மனிதனில் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது சாதுவான கேள்வி அல்ல. கணக்கில் எடுத்துக்கொண்டதாலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பௌதிகத்துக்கு வருகிறேன். போலி என்று ஒப்புக்கொண்டுவிட்டால் மட்டும் ஒன்று நல்ல போலியாகிவிடாது. 1966-ல் பெர்க்லியில் மார்வின் கோஹனும் பெர்க்ஸ்ட்ரெஸ்ஸரும் பதினாலு குறைகடத்திகளின் ஆற்றல் பட்டைகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சிலிக்கனுக்கு அவர்கள் பயன்படுத்திய போலி விசை மூன்றே எண்களால் ஆனது. சோதனையில் கிடைத்த ஒளியியல் அளவுகளோடு பொருந்தும்படி அந்த எண்களைத் திருகிவைத்தார்கள். பிரமாதமாக வேலை செய்தது. அதே 1966-ல் கார்னெலில் நீல் ஆஷ்க்ராஃப்ட் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார். ஆரத்துக்கு உள்ளே விசையே இல்லை, பூஜ்யம் என்று வைத்தார். ‘வெற்று உள்வட்டம்’ என்று அதற்குப் பெயர். சாதாரண உலோகங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் தெரிந்த விடைக்கு ஏற்ப எண்களைத் திருகுவதில் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் கிளையில் சாயங்காலம் ரொக்கம் இடிக்கும்போது இந்த ஆசை எல்லோருக்கும் வரும். 1979-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஹாமன், ஷ்லூட்டர், சியாங் என்ற மூவர் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆரத்துக்குள் போலி அலை எப்படி வேண்டுமானாலும் வழவழப்பாக இருக்கட்டும். ஆனால் அங்கே அடங்கியிருக்கும் மொத்த மின்னூட்டம் அசலில் உள்ள அளவே இருக்க வேண்டும். உள்ளே எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பற்றிப் பொய் சொல்லலாம். எவ்வளவு என்பதைப் பற்றிச் சொல்லக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையால், சூழல் மாறி ஆற்றல் சற்று முன்பின் போனாலும் போலி அணு வெளியே அசல் அணுவைப் போலவே பதில் சொல்கிறது. இதற்காகத் திடப்பொருளிலிருந்து எந்த எண்ணையும் கடன் வாங்க வேண்டியதில்லை. தனி அணுவின் கணக்கு மட்டும் போதும்.

1990-ல் டேவிட் வாண்டர்பில்ட் அந்த நிபந்தனையையும் தளர்த்தினார். ஆக்ஸிஜன், தாமிரம் போன்றவற்றில் அது கணக்கைத் தாங்க முடியாத அளவுக்குக் கனமாக்கியது. மொத்தம் குறைந்துபோகட்டும், ஆனால் குறைந்தது எவ்வளவு என்பதைத் தனியே எழுதிவைத்துக் கடைசியில் சேர்த்துவிடலாம் என்றார். மாணவர் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். எங்களிடம் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகை அங்கே போய் உட்காரும். தொகையை மறைப்பது குற்றம். தனியே எழுதிவைப்பது நடைமுறை. வாண்டர்பில்ட்டிடம் ஹார்வர்டில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த ஷோபனா நரசிம்மன், பின்னர் பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தின் பேராசிரியரானார். அங்கே பரப்புகளும் நானோ துகள்களும் இந்த முறைகளால் கணக்கிடப்படுகின்றன. ஆப்பிரிக்க மாணவர்களுக்கு இந்தக் கணக்குகளைக் கற்றுத்தரும் பள்ளிகளிலும் அவர் பாடம் நடத்தியிருக்கிறார். நான் தினமும் பார்க்கும் பெங்களூர் பஸ் போகிற ஊரில் இது நடக்கிறது என்பது என்னை ஏனோ சந்தோஷப்படுத்துகிறது.

இனி நான் விமர்சனத்துக்கு வந்தாக வேண்டும். போலி நிலையாற்றல் ஒன்று நல்லதா என்று அறிய அவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, அதைப் பெயர்த்து வைக்க முடியுமா என்பதுதான். தனி அணுவில் உருவாக்கியதை மூலக்கூறில், படிகத்தில், பரப்பில் கொண்டுபோய் வைத்தாலும் அது சரியாக நடந்துகொள்கிறதா? 2016-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து பதினைந்து கணினி நிரல்களை, நாற்பது வகை அணுகுமுறைகளை, எழுபத்தொரு தனிமப் படிகங்களில் ஓட்டிப்பார்த்து, எது எவ்வளவு விலகுகிறது என்று பகிரங்கமாக வெளியிட்டார்கள். புதிய முறைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. பழைய போலிகள் சில விலகின. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

1982-ல், பெங்களூரில் தமிழ் கற்பித்துவந்த தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வெளிவந்தது. அதையொட்டியும் அதற்குப் பின்னும் நம் சூழலில் நடந்த சண்டைகளைப் பழைய இதழ்களில் படித்திருக்கிறேன். அந்நியக் கோட்பாடு என்று ஒரு தரப்பு. உலகத்துக்கு முதுகைக் காட்டாதே என்று ஒரு தரப்பு. இரண்டு தரப்புமே கோட்பாட்டின் பிறந்த ஊரைப் பற்றிப் பேசின. போலி நிலையாற்றலை உருவாக்கியவர் எந்த ஊர் என்று எந்தத் திடப்பொருளும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அங்கே உருவானதை இங்கே வைத்தால் வெளிவட்டம் சரியாக வருகிறதா என்பதுதான். ஒரு கதையில் வைத்துப் பார்த்து, அது எங்கே விலகுகிறது என்று அளந்து எழுதிய கட்டுரைகள் எத்தனை? இந்த ஊரில் உருவான அளவுகோல்களுக்கும் இதே கேள்விதான். ‘மண்வாசனை’ என்ற சொல் எந்த மண்ணின் தனி அணுவில் உருவாக்கப்பட்டது? கரிசலில் உருவானதைக் கிருஷ்ணகிரியின் கறுப்புக் கல் குவாரிகளுக்குப் பெயர்த்து வைத்தால் என்ன ஆகிறது?

பெயர்க்க முடியாத போலி என்ன செய்யும் என்பதை நான் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். கடன் விண்ணப்பப் படிவத்தில் ‘பணிபுரியும் நிறுவனம்’, ‘பணியில் சேர்ந்த தேதி’ என்று இரண்டு கட்டங்கள். நிரந்தரத் தொழிலாளி என்ற ஒருவனைத் தனியே வைத்து உருவாக்கிய படிவம் அது. ஒசூரில் சிப்காட் வந்த எழுபதுகளிலும், வண்டித் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்த எண்பதுகளிலும் அது ஓரளவு சரியாக இருந்திருக்கும். இன்று வருகிறவள் காண்ட்ராக்டில் இருக்கும் ஒரு பெண். ஆறு வருஷமாக அதே கேட்டுக்குள் போகிறாள். அதே மெஷினில் நிற்கிறாள். காண்ட்ராக்டர் நாலு முறை மாறியாகிவிட்டது. படிவத்தின்படி அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. விண்ணப்பம் திரும்பிப் போகிறது. படிவம் அவளைப் பற்றி விட்டுவிட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாப் படிவமும் விடும். தான் விட்டுவிட்டது எது என்று அதற்கு ஞாபகம் இல்லை என்பதுதான் என் ஆட்சேபம்.

இன்னொரு சிக்கலையும் மாணவர் சொன்னார். எது உள்வட்டம், எது வெளிவட்டம் என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. கேலியத்தின் 3டி எலெக்ட்ரான்களை உள்ளே தள்ளி உறையவைக்கலாம். பல வேலைகளுக்கு அது போதும். ஆனால் கேலியம் நைட்ரைடில் அவற்றை வெளிவட்டத்தோடு சேர்க்காவிட்டால் கணக்கு பிசகுகிறது. அரை உள்வட்டம் என்று அவற்றுக்கு ஒரு பெயர். எல்லைக்கோடு அணுவிலேயே எழுதப்பட்டிருக்கவில்லை. கணக்கிடுகிறவன்தான் போடுகிறான், போட்டதற்கு அவன் பொறுப்பு.

எல்லைக்கோடு பற்றி ஒசூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது இந்தப் பக்கம் நின்ற ஊர் இது. தெருவில் தமிழ், வீட்டில் தெலுங்கு, தளிப் பக்கம் போனால் கன்னடம், வியாபாரத்தில் எல்லாம். 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது இங்கிருந்த தெலுங்கு, கன்னடப் பள்ளிகளில் அது பெரிய பேச்சாக இருந்தது. என் வீடும் தெலுங்கு வீடுதான். அப்பாவை நாங்கள் நாயனா என்று கூப்பிடுவோம். நான் எழுதுவது, சண்டை போடுவது, ராத்திரி தனியே உட்கார்ந்து யோசிப்பது எல்லாம் தமிழில். வீட்டுத் தெலுங்குக்கு எழுத்துகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அது என்னுடைய உறைந்த உள்வட்டம் என்றுதான் வைத்திருந்தேன். வெளியே நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உள்வட்டம் எப்போது உறைந்திருக்காது என்று கேட்டதற்கு மாணவர் சொன்ன பதில்: “அமுக்கினா, சார்.”

லித்தியம் இப்போது எங்கள் ஊர்ச் சொல்லாகிவிட்டது; 2021-க்குப் பிறகு ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் பேட்டரி ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. அதன் அணுவில் மூன்றே எலெக்ட்ரான்கள். இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. இதைவிட எளிய உலோகம் இல்லை என்று நினைத்திருந்தார்கள். 1999-ல் நீட்டனும், வெற்று உள்வட்டத்தைக் கொண்டுவந்த அதே ஆஷ்க்ராஃப்டும் சேர்ந்து, கடும் அழுத்தத்தில் லித்தியம் எளிய உலோகமாக இருக்காது என்று கணித்தார்கள். அணுக்கள் நெருங்க நெருங்க உள்வட்டங்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. வெளிவட்ட எலெக்ட்ரான்களுக்கு அணுக்களின் பக்கம் இடமில்லாமல் போகிறது. இடைவெளிகளில் போய் ஒதுங்குகின்றன. சோடியத்துக்கும் இதையே 2001-ல் சொன்னார்கள். 2009-ல் அது சோதனையில் கண்முன் நடந்தது. சுமார் இருபது லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய நிலையில், சோடியம் உலோகமாக இருப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பொருளாகிவிட்டது. அந்த அழுத்தத்தில் வெளி எலெக்ட்ரான் எங்கே நிற்பது என்பதில் உள்வட்டத்துக்கும் பங்கு வந்துவிட்டது. சாதாரண அழுத்தத்துக்கென்று உருவாக்கிய போலியை அங்கே வைத்தால் அது தப்பான பதிலைத்தான் சொல்லும். ஆரத்தைச் சுருக்கி, மேலும் எலெக்ட்ரான்களை வெளிவட்டத்தில் சேர்த்து வேறு போலி செய்ய வேண்டும். எளிய உலோகத்துக்கு மிக எளிய போலியைத் தந்தவரே அதன் எளிமை எங்கே முடிகிறது என்பதையும் முப்பத்துமூன்று வருஷம் கழித்துக் கணக்கிட்டுச் சொன்னார். ஆஷ்க்ராஃப்ட் 2021-ல் காலமானார். நான் மதிக்கும் விமர்சகர்களின் பட்டியலில் அவரைச் சேர்த்திருக்கிறேன்.

அப்பா பேரிகைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஒசூரில் ஷிப்டு வேலை பார்த்தவர். கேட்டுக்கு வெளியே அவர் தமிழ்தான் பேசுவார், நல்ல தமிழ். யூனியன் கூட்டத்தில் பேசியிருக்கிறார். போன வருஷம் கடைசிப் பத்து நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலாம் நாளிலிருந்து தமிழ் போய்விட்டது. நர்ஸ் தமிழில் கேட்பதற்குத் தெலுங்கில் பதில் சொன்னார். ஒரு ராத்திரி நான் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தபோது ‘நீள்ளு, நீள்ளு’ என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் தென் மாவட்டத்திலிருந்து வந்தவள். காலை நீட்டச் சொல்கிறார் என்று எண்ணி, மடங்கியிருந்த காலைப் பதமாக நீட்டிவிட்டு, போர்வையைச் சரிசெய்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அதைச் சொன்னாள். அவளிடம் எந்தக் குறையும் இல்லை, அன்பாகத்தான் செய்தாள். தெலுங்கில் நீள்ளு என்றால் தண்ணீர். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

அப்பாவின் தமிழ் போலியா என்றால், நிச்சயமாக இல்லை. முப்பது வருஷம் அவர் வாழ்ந்த மொழி அது. அந்தத் தமிழை வைத்து அவருடைய முப்பது வருஷத்தையும் ஒருவர் சரியாக எழுதிவிட முடியும். கடைசி ஆறு நாட்களை எழுத முடியாது. அவ்வளவுதான் விஷயம். இரண்டில் ஒன்றுதான் அசல் என்று சொல்கிறவர்கள் — வேர்களைப் பற்றிப் பேசுகிறவர்களும் சரி, வேர் என்பதே கட்டுக்கதை என்கிறவர்களும் சரி — எந்த அழுத்தத்தில் என்று சொல்லாமல் பேசுகிறார்கள்.

இப்போது என் மேஜையில் ஒரு கவிதைத் தொகுதி மதிப்புரைக்காகக் கிடக்கிறது. எழுதியவர் இந்தப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர், வீட்டில் கன்னடம். ஏற்கெனவே வந்த இரண்டு மதிப்புரைகளைப் படித்தேன். ஒன்று அவரைத் தொழிலாளி என்று கொண்டாடுகிறது. மற்றது அவருடைய வாக்கியங்கள் முடியாமல் தொங்குகின்றன என்று திருத்துகிறது. தொங்குகின்றன என்பது வாஸ்தவம். வரியின் முடிவில் ‘என்று’ போட்டு அப்படியே நிறுத்திவிடுகிறார்; சொன்னார்கள், கேட்டேன் என்று எந்த வினையும் பின்னால் வருவதில்லை. கன்னடத்தில் வாக்கியத்தின் கடைசியில் ‘அந்தெ’ வரும், தெலுங்கில் ‘அண்ட’. நம்முடைய ‘வந்தானாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ போலத்தான், கேள்விப்பட்டது என்று பொருள். அவருடைய ‘என்று’ அந்த வேலையைத் தமிழில் செய்யப் பார்க்கிறது. எல்லாக் கவிதையிலும் இப்படி நடப்பதில்லை. சாவு வரும் கவிதைகளிலும், வீட்டை விட்டுக் கிளம்பும் கவிதைகளிலும்தான் நடக்கிறது. மற்ற இடங்களில் அவருடைய தமிழ் யாருடைய தமிழையும் போல முடிவு பெற்று நிற்கிறது.

மதிப்புரையின் முதல் பத்தியிலேயே என் ஆரத்தை எழுதிவிடப் போகிறேன். இந்தத் தொகுதிக்கு அவருடைய வீட்டு மொழியை நான் வெளிவட்டத்தில் சேர்த்திருக்கிறேன். அவருடைய தொழிற்சாலை வேலையை உறையவைத்திருக்கிறேன்; ஏனென்றால் பின்னட்டைக் குறிப்பைத் தவிர வேறெங்கும் அது இந்தக் கவிதைகளை அசைப்பதாக எனக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்துக் கவிதையில் மட்டும் ஒரு சைரன் வருகிறது. அதைச் சஸ்பென்ஸில் தனியே எழுதிவைத்திருக்கிறேன். அந்த ஒரு கவிதையை வைத்து என் கணக்கு உடைகிறது என்று யாராவது காட்டினால் ஆரத்தை மாற்றி மறுபடியும் எழுதுவேன்.